மியூனிக் அரங்கில் நான்கு இரவுகள்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியாகிய பவேரியாவின் தலைநகர் மியூனிக். துறவிகள் வாழ்ந்த இடம் என்னும் பொருளில் இந்நகருக்கு அப்பெயர் வந்தது. நகரச் சின்னத்தில் இன்றளவும் ஒரு துறவியின் உருவமே விளங்குகின்றது. கத்தோலிக்கர் எவரும் இங்கு வந்தால் இரட்டைக் கோபுரங்கள் ஓங்கி நிற்கும் தேவமாதா பேராலயத்தை முதலில் நாடிச் செல்வர். நாமும் அவ்வாறே சென்று செபித்தோம். அதன் பின்னர் கால் போன போக்கில் நடந்து, அரண்மனையை ஒட்டிய மாக்ஸ் யோசப் சதுக்கத்தை அடைந்தோம்.

சதுக்கத்தின் நடுவே முதலாம் மாக்சிமிலியன் யோசப் மன்னரின் அமர்ந்த கோலச் சிலை. வடக்கே அரண்மனையின் நீண்ட முகப்பு. கிழக்கே எட்டுப் பெருந்தூண்கள் தாங்கும் தேசிய நாடக அரங்கு. அரண்மனையின் கீழ்த்தளத்தில் ஒரு தந்தை தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டுத் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. அடுத்திருக்கும் அரங்கில் அவருடைய மகன் நான்கே இரவுகள் பாடிய ஓர் ஓபராவினால் இசையுலக வரலாற்றில் இடம் பெற்றான். தந்தையின் படைப்பை நாம் கண்ணாரக் கண்டோம். மகனின் படைப்பைக் காண்பது எங்ஙனம்? காற்றிலே பிறந்து காற்றிலே கலந்தது அது. அந்த மகனைக் குறித்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அவர் பெயர் லுத்விக் ஷ்னோர் ஃபொன் கரோல்ஸ்ஃபெல்ட். நீண்ட பெயராகையால் ஷ்னோர் என்றே அழைப்போம். 1836 ஜூலை 2ஆம் நாள் இம்மியூனிக் நகரிலேயே பிறந்தார். தொழிலால் ஓபராப் பாடகர், குரலால் டெனர்.

ஓபரா என்பது தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டாகவே நிகழும் நாடகம். நம் ஆலயங்களில் பாடற்குழு நடத்துவோர்க்கு டெனர் என்னும் சொல் புதிதன்று. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நால்வகைக் குரல்களைப் பிரித்து அமர்த்துகிறோம் அல்லவா? அவற்றுள் ஆண்களின் மேற்குரல் டெனர். ஓபராவில் கதைத்தலைவன் பெரும்பாலும் டெனராகவே இருப்பான். நாம் சொல்லும் காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. பெரியதொரு வாத்தியக் குழுவின் முழக்கத்தைக் கடந்து, கடைசி மாடியில் நிற்பவன் செவிக்கும் சொல் தெளிவாய்ச் சென்றடைய வேண்டும். நெஞ்சையும் தொண்டையையும் மட்டுமே நம்பிய தொழில் அது. ஏற்றம் இறைப்பவனைப் போலவும் சுமை தூக்குபவனைப் போலவும் பாடகனும் உடலால் உழைப்பவனே. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

தந்தை யூலியஸ் ஷ்னோர் புகழ் பெற்ற ஓவியர். இளமையில் உரோமை நகர் சென்று, ஆங்கு லூக்கா சகோதரர் என்னும் ஜெர்மானிய ஓவியக் கூட்டத்தாருடன் வாழ்ந்தவர். கலையைப் பக்தியின் பணிக்குத் திருப்ப வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. அவர்களுட் சிலர் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவினர். யூலியஸ் தாம் பிறந்த லூத்தரன் சபையிலேயே நிலைத்தார். 1827இல் பவேரிய மன்னர் முதலாம் லுத்விக் அவரை மியூனிக் நகருக்கு அழைத்தார். ஜெர்மானியரின் பழம்பெருங் காவியமாகிய நிபெலுங்கர் கதையை அரண்மனைச் சுவர்களில் தீட்டும் பணியை ஒப்படைத்தார். 1831இல் தொடங்கிய வேலை இடையிடையே நின்று 1867இல்தான் முற்றுப்பெற்றது. வீரன் சீக்பிரீட் பறைநாகத்தைக் கொன்றதும், வஞ்சகரால் முதுகிற் குத்துண்டு வீழ்ந்ததும் அங்கே வண்ணங்களாய் நிற்கின்றன.

கிறிஸ்தவ உலகம் அவரை அதிகமாய் அறிந்தது வேறொரு நூலால். தொடக்க நூல் முதல் திருவெளிப்பாடு வரை விவிலிய நிகழ்ச்சிகளை 240 மரச்செதுக்குப் படங்களாக்கி, ‘படங்களில் விவிலியம்’ என்ற தொகுப்பாக 1860இல் நிறைவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் வாசிக்கத்தக்க விவிலியம் அது. இன்றும் உலகெங்கும் ஞாயிறு மறைக்கல்வி நூல்களில், வரைந்தவர் பெயரே இல்லாமல், அப்படங்கள் வலம் வருகின்றன.

1846இல் யூலியஸ் சாக்சனி நாட்டின் தலைநகராகிய டிரெஸ்டனுக்குச் சென்றார். கலைக்கழகப் பேராசிரியராகவும் ஓவியக் காட்சியகத்தின் தலைவராகவும் அமர்ந்தார். ரஃபாயேல் வரைந்த சிஸ்டைன் மாதா படம் அக்காட்சியகத்தில்தான் உள்ளது. மேகத்தின்மீது திருக்குழந்தையை ஏந்தி வரும் அன்னையின் காலடியில் கன்னத்தில் கையூன்றி மேல்நோக்கும் இரண்டு குட்டிச் சம்மனசுகளை, நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் பார்க்காத கத்தோலிக்க இல்லம் உண்டோ? அப்படத்தைக் காக்கும் பொறுப்புப் பெற்றவரின் வீட்டில் நம் பாடகர் பத்து வயது முதல் வளர்ந்தார். கண்ணாற் காணும் கலை நிரம்பிய இல்லத்தில் இறைவன் இப்பிள்ளைக்கு அளித்த கொடையோ செவிக்குரியதாய் இருந்தது.

லைப்சிக் இசைக்கல்லூரியில் பயிற்சி பெற்ற பின், 1850களின் நடுவில் இளைஞர் ஷ்னோர் கார்ல்ஸ்ரூ நகர அரசவை அரங்கில் சேர்ந்தார். அவ்வரங்கை நடத்திவந்த எடுவார்ட் டெவ்ரியன்ட் அந்நாளைய நாடக அறிஞருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். சிறு வேடங்களில் தொடங்கிய ஷ்னோர் சில ஆண்டுகளில் முதன்மை டெனராய் உயர்ந்தார்.

கார்ல்ஸ்ரூ விசித்திரமான நகரம். 1715இல் ஓர் அரண்மனையை நடுவில் நிறுத்தி, அங்கிருந்து கதிர்கள் விரிவது போல் 32 பாதைகளை வகுத்து, விசிறி வடிவில் அமைத்தார்கள். 1847இல் இந்நகரின் அரங்கு தீப்பற்றியதில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கட்டப்பட்ட புதிய அரங்கில்தான் ஷ்னோர் பாடினார். அதுவும் 1944இல் போர் விமானங்களின் குண்டுகளுக்கு இரையாயிற்று. அவ்விடத்தில் இப்போது நிற்பது ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம். பாட்டு ஒலித்த இடத்தில் தீர்ப்பு ஒலிக்கின்றது.

அங்கே அவரோடு பாடியவர் மல்வீனா காரீக்ஸ் என்னும் நங்கை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிற் பிறந்தவர். ஷ்னோரைவிடப் பத்து ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர். இருவரும் 1860இல் திருமணம் செய்துகொண்டு, அதே ஆண்டில் டிரெஸ்டன் அரச அரங்குக்கு மாறினர். அரங்கிற் காதலராய்ப் பாடுவோர் வீட்டில் கணவன் மனைவியராகவும் இருப்பது அத்தொழிலில் அரிது. அவர்கள் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்தவர்கள் என்றே அவர்களை அறிந்தோர் எழுதியுள்ளனர்.

இனி, இக்கதையின் மற்றொரு மனிதரைச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் வாக்னர். ஓபராக்களுக்குக் கதையும் பாட்டும் இசையும் தாமே எழுதிய மேதை. அவருடைய தனிவாழ்வைப் போற்ற நம்மால் இயலாது. கடன் வாங்குவதும், கடன்காரருக்கு அஞ்சி ஊர் மாறுவதும், நண்பரின் மனைவியைக் கவர்வதும் அவருக்கு வழக்கமாயிருந்தன. 1849இல் டிரெஸ்டன் புரட்சியிற் கலந்து, தேடப்படுபவராகி, நாட்டைவிட்டு ஓடினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1862இல்தான் சாக்சனி அரசு அவருக்கு முழு மன்னிப்பு வழங்கியது.

ஓடி வாழ்ந்த அக்காலத்தில் 1859இல் அவர் எழுதி முடித்த ஓபராவே ‘டிரிஸ்டானும் இசோல்டேயும்’. மன்னனுக்கு மணப்பெண்ணை அழைத்துவரச் சென்ற வீரனும் அந்த மணப்பெண்ணும் ஒரு மாயப் பானத்தை அருந்திக் காதலில் வீழ்ந்து அழிந்த பழங்கதை. குடும்பத்தோடு அமர்ந்து கேட்கத்தக்க கதையன்று என்பது நம் எண்ணம். ஆயினும் இசையறிந்தோர் அதனை மேலைநாட்டு இசையின் திருப்புமுனை என்கின்றனர். அதன் மூன்றாம் அங்கத்தில் காயம்பட்ட டிரிஸ்டான், கடலோரக் கோட்டை முற்றத்தில் மஞ்சத்திற் கிடக்கிறான். இசோல்டே வரும் கப்பலை எதிர்நோக்கிப் புலம்புகிறான்; எழுகிறான்; மயங்கி வீழ்கிறான்; மீண்டும் எழுந்து கட்டுகளைக் கிழித்தெறிந்து மடிகிறான். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அங்கத்தின் முழுப் பாரமும் ஒரே டெனரின்மீது. இரண்டு அங்கங்களை ஏற்கெனவே பாடிக் களைத்தவனின்மீது இப்பாரம் ஏற்றப்படுகிறது.

பாட ஆள் கிடைக்கவில்லை. வியன்னா நகரில் ஒத்திகைகள் 1862 முதல் மாதக்கணக்கில், எழுபதுக்கும் மேலாக நடந்தும், பாட இயலாத ஓபரா என்று கைவிடப்பட்டது. அங்கே தலைமைப் பாத்திரத்துக்கு அமர்த்தப்பட்ட அலோய்ஸ் ஆண்டர் என்னும் டெனர் குரல் கெட்டு, மனமும் கலங்கி, 1864 இறுதியில் இறந்தார். ஷ்னோரும் கார்ல்ஸ்ரூவில் இருந்த நாளிலேயே பாட்டேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் அங்கத்தைக் கண்டு தயங்கியவர்தாம்.

வாக்னரும் ஷ்னோரை முதலில் விரும்பவில்லை. காரணம் வேடிக்கையானது. இந்த டெனர் அளவுக்கு மீறிப் பருத்தவர் என்று எவரோ சொல்லிவிட்டனர். தம் கதைத்தலைவன் அப்படியிருப்பதைப் பார்க்க நேருமோ என்று அஞ்சி, அவரைச் சந்திப்பதையே வாக்னர் தவிர்த்தார். 1862இல் ஷ்னோர் கார்ல்ஸ்ரூவில் ‘லோஹன்கிரின்’ பாட வந்திருப்பதறிந்து, எவருக்கும் தெரியாமல் சென்று அரங்கில் அமர்ந்தார். லோஹன்கிரின், இயேசு இராவுணவில் பயன்படுத்திய திருக்கிண்ணத்தைக் காக்கும் வீரன்; அன்னம் இழுக்கும் ஓடத்தில் வருபவன். ஓடம் வந்தது. பருத்த உடலும் வந்தது. ஆனால் அவர் வாய் திறந்த பின்னர் உடலை மறந்து, பாத்திரத்தையே கண்டார் வாக்னர். உருவம் பார்த்துத் தீர்ப்பிடுவோர் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

அந்தக் கோடையில் ஷ்னோர் தம்பதியர் ரைன் ஆற்றங்கரையில் பீப்ரிக் என்ற ஊரில் வாக்னரின் வீட்டுக்குச் சென்று ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கினர். ஹான்ஸ் ஃபொன் பியூலோ பியானோ வாசிக்க, டிரிஸ்டானை வரிவரியாகப் பயின்றனர். மூன்றாம் அங்கத்தில் எவ்விடம் இவரை அச்சுறுத்தியதோ, அவ்விடத்தின் பொருளை ஆக்கியோனே விளக்கியபோது அச்சம் அகன்றது. பொருள் உணர்ந்து பாடுபவனுக்குப் பாட்டின் கடுமை குறைகின்றது. மந்திரங்களைப் பொருளறியாது ஒப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்போர் இதனை நன்கு அறிவர்.

1864இல் பவேரிய அரியணை ஏறிய இரண்டாம் லுத்விக் மன்னருக்கு வயது பதினெட்டு. வாக்னரின் இசையிற் பித்துக்கொண்டவர். கடன்காரருக்கு ஒளிந்து திரிந்த இசைமேதையைத் தேடிப் பிடித்து மியூனிக் நகருக்கு வரவழைத்தார். டிரிஸ்டானுக்கு விடிவு பிறந்தது. சாக்சனி அரங்கின் இசைவு பெற்று ஷ்னோர் தம்பதியர் வந்து சேர்ந்தனர்.

அதற்கு முன், 1865 மார்ச் 5ஆம் நாள் ஷ்னோர் இவ்வரங்கில் ஒரே ஒரு முறை ‘டான்ஹாய்சர்’ பாடினார். பாவத்தில் மூழ்கிய பாடகன் ஒருவன் மனம் வருந்தி உரோமைக்குத் திருயாத்திரை போகிறான். திருத்தந்தை, என் கைக்கோல் துளிர்க்கும்போதுதான் உனக்கு மன்னிப்பு என்று மறுத்துவிடுகிறார். கோல் துளிர்த்துவிடுகிறது. மனம் வருந்தி வருபவனைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எந்தக் குருவுக்கும் இல்லை என்பதைக் கதை கட்டியவர் அறியார் போலும். ஆயினும் துளிர்த்த கோல் நம் பக்கமே சாட்சி சொல்லுகிறது. ஒத்திகையின்போது வாக்னர் மேடையில் ஷ்னோரின் அருகே ஒட்டி நின்று, ஒவ்வோர் அடிக்கும் பாத்திரத்தின் உள்ளத்தைக் காதோடு காதாய்ச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாம் அங்கத்தின் முடிவில் பாவி இரக்கம் கேட்டுக் கதறும் ஓரிடம் உண்டு. 1845இல் டிரெஸ்டனில் அதனை முதன்முதற் பாடிய பெரும் டெனர் டிகாட்ஷெக்கால் அது இயலாமற்போய், அப்பகுதியையே வாக்னர் நீக்கிவிட்டிருந்தார். இருபதாண்டுக்குப் பின் ஷ்னோரின் குரலில் அக்கதறலை முதன்முறையாகக் கேட்டார்.

டிரிஸ்டானுக்கு மே 15ஆம் நாள் குறிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் இசையன்பர் வந்து குவிந்தனர். அன்று காலை வாக்னரின் வீட்டுக் கதவைப் பழைய கடனுக்காக அதிகாரிகள் தட்டினர். மாலைக்குள் மல்வீனாவின் தொண்டை கட்டிவிட்டது. ஓபரா நின்றது. வந்தவர் பலர் ஊர் திரும்பினர். மல்வீனா ரைக்கன்ஹால் என்னும் உப்பூற்று நகருக்கு உடல் தேற்றச் சென்றார். இதற்கிடையே ஊரார் வாளாவிருக்கவில்லை. மியூனிக் நகரின் வேறொரு சிறிய அரங்கில் டிரிஸ்டானைக் கேலி செய்யும் நாடகமொன்று, மூல ஓபரா மேடையேறும் முன்னரே நடந்து முடிந்தது!

1865 ஜூன் 10ஆம் நாள் மாலை, மன்னர் அமர்ந்திருக்க, பியூலோ இசைக்குழுவை நடத்த, டிரிஸ்டான் அரங்கேறியது. கணவன் டிரிஸ்டான், மனைவி இசோல்டே. ஜூன் 13இலும் 19இலும் மீண்டும் நடந்தது. லின்ஸ் நகரப் பேராலயத்து ஆர்கன் வாசிப்பாளர் ஒருவர் மே மாதம் வந்து ஏமாந்தும் சோர்வுறாமல் ஜூனில் மறுபடி பயணம் செய்து கேட்டார். பக்தியிற் சிறந்த ஆன்டன் புரூக்னர்தாம் அவர். அந்த ஆண்டைப் பற்றி இன்னுமொரு செய்தி: பியூலோவின் மாமனாரும் உலகப் புகழ் பியானோக் கலைஞருமான லிஸ்ட், உரோமையில் 1865 ஏப்ரலில் முடிமழிப்பும் ஜூலையில் சிறு குருப்பட்டங்களும் பெற்றார். அவர் மகள் கோசிமாவோ கணவனை விடுத்து வாக்னரின்பால் சாய்ந்திருந்தார். அவ்வுறவிற் பிறந்த பெண்மகவுக்கு இசோல்டே என்றே பெயரிட்டனர். மேடையில் பாடியது பொய்க்கதையென்றால், திரைக்குப் பின்னால் நடந்தது மெய்க்கதையாயிருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில் தம் தொழிலைக் குறைவறச் செய்தவர்கள் ஷ்னோர் தம்பதியரே.

நான்காம் முறை ஜூலை 1ஆம் நாள். மூன்றாம் அங்கத்தில் ஷ்னோர் மஞ்சத்திலிருந்து எழுந்தும் வீழ்ந்தும் பாடுவதைக் கண்டிருந்த வாக்னரை ஓர் அச்சம் பற்றியது. ஒரு மனிதனிடம் இவ்வளவைக் கேட்பது பெரும்பழியாகாதோ என்று உள்ளம் நடுங்கி, இதுவே கடைசி, இனி இவ்வோபரா வேண்டாம் என்று அறிவித்துவிட்டார். பின்னாளில், 1868இல், ஷ்னோரைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் கட்டுரையில் இதனைத் தாமே பதிந்துள்ளார். மறுநாள் ஷ்னோருக்கு 29ஆம் பிறந்தநாள்.

அதே கட்டுரையில் வாக்னர் எழுதும் இன்னொரு செய்திதான் நம் நெஞ்சைத் தொட்டது. பாடிய களைப்பைப் பற்றி ஷ்னோர் ஒருபோதும் குறைசொல்லவில்லையாம். அவர் வருந்தியது வேறொன்றுக்கு. உணர்ச்சியின் உச்சத்தில் பாடி, உடல் முழுதும் வியர்வையில் நனைந்த நிலையில், இறந்தவனாக நெடுநேரம் மேடையில் அசையாது கிடக்க வேண்டும். அப்பொழுது மேடைக்குக் குறுக்கே வீசும் குளிர்காற்று அவர்மீது தாக்கிக்கொண்டே இருந்தது. மூட்டுவாத உபாதை ஏற்கெனவே உள்ள உடம்பு.

மன்னர் இருந்தார், மேதை இருந்தார், இசைக்குழுத் தலைவர் இருந்தார். இசையின் எதிர்காலத்தைக் குறித்து விடிய விடிய விவாதித்தவர்கள் அவர்கள். காற்று வரும் வழியை அடைக்க ஓர் ஆளை நிறுத்த வேண்டுமென்று அவர்களுள் எவருக்கும் தோன்றாமற்போயிற்று. ஏழை எளியவரின் வேலைத்தலங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சியே இது. தூசியும் புகையும் நெஞ்சை அரிக்கும் வரை எவரும் சன்னலைப் பாரார். அரசவை அரங்காயினும் உழைப்பவன் உடலுக்கு நேர்வது அதுவேயாயிற்று.

ஜூலை 9ஆம் நாள் ‘பறக்கும் டச்சுக்காரன்’ ஓபராவில் எரிக் என்ற வேடத்தைப் பாடினார். 12ஆம் நாள் மன்னர் தனியே கேட்பதற்காக ஓர் இசைநிகழ்ச்சியிற் பங்கேற்றார். இனி வரவிருந்த சீக்பிரீட் பாத்திரத்தின் பாடல்களும் அன்று அவர் குரலில் ஒலித்தன. தந்தை அரண்மனைச் சுவரில் தீட்டிய அதே சீக்பிரீட்! மகனே அப்பாத்திரத்தை முதன்முதலாக ஏற்பான் என்று வாக்னர் நம்பியிருந்தார். மறுநாள் ஷ்னோர் டிரெஸ்டனுக்குத் திரும்பினார். முழங்காலில் கண்ட வாத வீக்கம் காய்ச்சலாகி, தலைக்கேறிப் பிதற்றலாயிற்று. ஜூலை 21ஆம் நாள் உயிர் பிரிந்தது. டிரிஸ்டானைக் கடைசியாகப் பாடி மூன்று வாரங்கூட முழுமையாகவில்லை.

நாம் மியூனிக்கிலிருந்து இரயிலேறி டிரெஸ்டனுக்குச் சென்றோம். எல்பே ஆற்றங்கரையில் ஒன்றையொன்று நோக்கியவாறு நிற்கின்றன கத்தோலிக்கப் பேராலயமும் ஓபரா அரங்கும். போலந்து முடியைப் பெறும்பொருட்டு சாக்சனி அரசர் 1697இல் கத்தோலிக்கரானார். மக்களோ லூத்தரன் சபையிலேயே இருந்தனர். அரச குடும்பத்துக்கென 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இவ்வாலயத்தின் மதிற்சுற்றில் 78 சிலைகள் நிற்கின்றன. உள்ளே சில்பர்மன் என்னும் பெருந்தச்சன் கடைசியாகச் செய்த ஆர்கன் இருக்கின்றது. போரில் ஆலயம் சிதைந்தபோதும், முன்னரே குழல்களைக் கழற்றி ஒளித்து வைத்திருந்தமையால் அது பிழைத்தது. திருப்பலியில் அதன் ஒலியைக் கேட்டோம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட குரல் இன்றும் உயிரோடிருக்கிறது!

எதிரேயுள்ள அரங்கின் கதை வேறு. ஷ்னோர் பாடியது, செம்பர் என்னும் சிற்பி 1841இல் கட்டியதில். அது 1869இல் எரிந்தது. மீண்டும் எழுந்தது 1878இல். 1945 பிப்ரவரி 13ஆம் நாள் இரவுக் குண்டுவீச்சில் மீண்டும் அழிந்தது. சரியாக நாற்பது ஆண்டு கழித்து 1985இல் அதே பிப்ரவரி 13ஆம் நாள் மூன்றாம் முறையாகத் திறக்கப்பட்டது. மியூனிக் அரங்கும் 1943இல் எரிந்து 1963இல் பழைய வடிவிலேயே எழுந்ததுதான். ஆக, ஷ்னோர் பணியாற்றிய கார்ல்ஸ்ரூ, டிரெஸ்டன், மியூனிக் என்ற மூன்று அரங்குகளிலும் அவர் குரல் பட்ட சுவர் இன்றில்லை. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877இல். பன்னிரண்டு ஆண்டு முந்திப் போய்விட்டார். யோசப் ஆல்பர்ட் எடுத்த ஒரு புகைப்படம் மட்டும் உள்ளது. டிரிஸ்டான் கோலத்தில் தாடியோடு பருத்த உடலராய் ஷ்னோர், அருகே மல்வீனா.

அவர் மாண்ட நாள்களில் டிரெஸ்டன் நகரம் கொடிகளாலும் தோரணங்களாலும் சிங்காரிக்கப்பட்டிருந்தது. அவருக்காகவன்று. ஜெர்மானியப் பாடற்சங்கங்களின் முதற் பெருவிழா அங்கே ஜூலை 22இல் தொடங்குவதாயிருந்தது. நாடெங்குமிருந்து பாடுவோர் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிக்கொண்டிருந்தனர். அடக்கத்துக்காக வாக்னரும் பியூலோவும் மியூனிக்கிலிருந்து விரைந்தனர். கோடை வெப்பம் கடுமையாக இருந்தமையால் குறித்த வேளைக்கு முன்னரே உடலை அடக்கிவிட்டனர். விழாக்கூட்டம் நெரியும் வீதிகளில் வண்டி செல்ல வழியின்றி, வந்தவர்கள் நண்பரின் முகத்தைக் காணாமலே திரும்பினர். பழைய அன்னாள் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார். தந்தை யூலியஸ் மகனைப் புதைத்த பின்னும் ஏழாண்டு வாழ்ந்து, 1872இல் அதே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். நாம் அங்கு நின்று, இருவருக்காகவும் ஒரு செபம் சொன்னோம்.

மல்வீனாவின் பிற்காலம் துயரமானது. கணவரின் ஆவி பேசுகிறது என்று கூறிய ஒரு மாணவியின் சொல்லை நம்பினார். அந்த ‘ஆவி’யின் கட்டளைகளைச் சுமந்துகொண்டு வாக்னரிடமும் மன்னரிடமும் சென்றார். வாக்னர், கோசிமா உறவையும் மன்னருக்கு வெளிப்படுத்தினார். சொன்னது உண்மையேயாயினும், பைத்தியக்காரி என்ற பெயரே எஞ்சியது, மியூனிக்கைவிட்டு அகற்றப்பட்டார். இறந்தோரை அழைத்துப் பேசுவதைத் திருச்சபை ஏன் விலக்கியிருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. துக்கத்தில் தவிக்கும் கைம்பெண்ணின் காதில் எவர் எதை ஊதினாலும் ஏறிவிடும். எனினும் அவரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. தாமும் கணவரும் எழுதிய கவிதைகளைத் தொகுத்து 1867இல் வெளியிட்டார். 1904இல், இருவரும் முதன்முதற் சந்தித்த கார்ல்ஸ்ரூ நகரிலேயே காலமானார்.

டிரிஸ்டான்தான் ஷ்னோரைக் கொன்றது என்ற வதந்தி உடனே கிளம்பியது, இன்றும் ஓயவில்லை. இதே மியூனிக் அரங்கில் 1911இல் டிரிஸ்டானை நடத்திக்கொண்டிருந்த ஃபெலிக்ஸ் மோட்டில் மயங்கி வீழ்ந்து, சில நாளில் இறந்தார். 1968இல் யோசப் கைல்பெர்ட் இரண்டாம் அங்கத்தை நடத்தும்போதே மாண்டார். இவற்றையெல்லாம் கூட்டி, சாபமுள்ள ஓபரா என்று பேசுவோர் உண்டு. நாம் அதனை ஏற்கவில்லை. சாபம் என்று சொல்லிவிட்டால், திறந்து கிடந்த கதவைப் பற்றி எவரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா?

ஷ்னோருக்குப் பின் நான்காண்டு அந்தப் பாத்திரத்தை எவரும் தொடவில்லை. 1869இல் அதே மியூனிக்கில் ஹைன்ரிக் ஃபோகல் என்ற டெனர் ஏற்றார். அவர் முன்னாளில் பள்ளி ஆசிரியர். அவருக்கும் இசோல்டேயாகப் பாடியவர் மனைவி தெரேசாவே. மியூனிக்கிற்குத் தெற்கே, டுட்சிங் அருகே ஒரு பண்ணையை வாங்கி, பயிரிட்டு, மாடு வளர்த்து, வேலையில்லாத நாளெல்லாம் வயலில் நின்றார். டிரிஸ்டானைப் பல்லாண்டு பாடினார். 1900 ஏப்ரலில், தம் 55ஆம் வயதில், இறப்பதற்குச் சில நாள் முன்புவரை அவர் மேடையேறியதாகச் சொல்கின்றனர்.